ஸ்கேன் ஆகாத மறுபக்கம்

அத்தியாயம் 14

விசாரணைக்குப் போகிற நாளில் தோசை கருகக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் கல்லில் ஒட்டிக் கிடந்ததைச் சுரண்டி எடுக்கும்போது, இது நல்லதுக்கில்லை என்று செவந்திக்குத் தோன்றியது. உத்தியோக காலம் முழுக்க அடுத்தவர்களுக்குத்தான் விசாரணைக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறாள். தன் பெயரைப் போட்டே ஒன்று வரும் என்று அவள் நினைத்ததில்லை.

கடிதம் வந்த கதை தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஊருக்குப் போய்விட்டுப் போன வாரத்தைக் கோட்டை விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டையில் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த கடிதம் எனக்கு வரும். அங்கே செவந்தி கண்காணிப்பாளர். இந்த வருடக் கடைசியில் ஓய்வு. பழைய பதிவேடுகளையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று போன வருடம் உத்தரவு வந்தது. ஸ்கேன் செய்ய வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் செய்ததை அசலோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரிதான் என்று மின்னணுக் கையெழுத்துப் போட வேண்டியது செவந்தியின் பொறுப்பு. அந்தக் கையெழுத்துக்கு ஒரு டோக்கன் உண்டு. பார்க்கப் பென் டிரைவ் மாதிரி இருக்கும். கணினியில் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால் கையெழுத்து விழும். விழுந்துவிட்டால் அசல் புத்தகத்துக்கு வேலை முடிந்தது. சாக்கில் கட்டி, லாரியில் ஏற்றி, கூழாக அரைக்க அனுப்பிவிடுவார்கள்.

அப்படி அரைபட்டவற்றில் ஒன்று வாட்ச்மேன் பிச்சையின் பணிப்பதிவேடு. பிச்சை இந்தத் தை மாதம் நெஞ்சு வலித்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே இறந்துபோனார். அவர் மனைவி ஆரோக்கியம்மாள் குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப்போட்டாள். மேலிடம் கணினியைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டது. பிச்சை வேலைக்குச் சேர்ந்த தேதி பழைய ஓய்வூதியத் திட்டம் முடிந்த பிறகு இருக்கிறது, ஆகவே இல்லை என்று பதில்.

தேதி அப்படித்தான் இருக்கும். பிச்சை முதலில் தற்காலிகமாகச் சேர்ந்தவர். அந்தத் தற்காலிக வருடங்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பின்னால் ஓர் ஆணை வந்தது. அதைப் பதிவேட்டில் ஏற்றியபோது முன்பக்கத்தில் இடம் போதவில்லை. ஏழாம் தாளின் மறுபக்கத்தில் எழுத வேண்டி வந்தது. எழுதியது அன்றைக்கு இளநிலை உதவியாளராக இருந்த செவந்தி.

ஸ்கேனில் மறுபக்கமே இல்லை. எந்தத் தாளுக்கும் இல்லை. ஆனால் எல்லாவற்றின் மேலும் செவந்தியின் கையெழுத்து இருக்கிறது.

"அத்தே, நீங்க அங்கிட்டு ஒக்காருங்க. நான் ஊத்துறேன்," என்று கரண்டியை வாங்கினாள் மருமகள் ஹரிணி. அவளுக்கு ஏழாம் மாதம். அடுப்புச் சூட்டில் நிற்கக் கூடாது என்று தினமும் அவளை விரட்டுகிற மாமியார், இன்றைக்குப் பேசாமல் கரண்டியைக் கொடுத்துவிட்டாள்.

கூடத்தில் செவந்தியின் கணவர் ரத்தினவேல் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். பத்து வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்து, அன்னவாசலுக்குப் பக்கத்தில் போர் போட்டு விவசாயம் பார்க்கிற மனிதர். காலையில் இந்நேரம் வயலில் இருப்பார். இன்றைக்குப் போகவில்லை.

"செவந்தி, இங்கிட்டு வா. அங்க போயி என்ன சொல்லப் போற?"

"தெரியலங்க."

"தெரியலைன்னா எப்புடி? விசாரிக்க வாரது யாரு, நம்ம குணசேகரன். ஒனக்குக் கீழ வேல பாத்த பய. அவன் கேக்குறதுக்கு ஆமான்னு மட்டும் சொல்லு. நாந்தான் பாத்தேன், நாந்தான் கையெழுத்துப் போட்டேன், புத்தகத்துல இருந்தது அம்புட்டுத்தான். சொல்லிட்டு வந்துரு."

"அப்ப பிச்சை பொண்டாட்டிக்கு?"

ரத்தினவேல் செய்தித்தாளை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி விரித்து மடித்தார்.

"அவ மகன் சிங்கப்பூர்ல இருக்கான். கஞ்சிக்கு இல்லாமப் போயிராது. இங்க நம்ம பயலுக்கு வேல ஆர்டர் வர்ற நேரம். மூணு தடவ பரீட்ச எழுதி பாஸ் பண்ணிருக்கான். ஒன்னோட கையெழுத்த அவன் போட்டான்னு வெளிய வந்தா போலீஸ் கேசு. கேசு இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டா அரசாங்க வேல கனவுலயும் கெடைக்காது. ஒன்னையச் சாகவா சொல்றேன்? ஒரு ஆமா சொல்லச் சொல்றேன்."

ரத்தினவேலைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிச்சை செத்தபோது அவர் ஊரான ஆவூர் வரைக்கும் போய், மாதாகோவில் வாசலில் நின்று, மண் போட்டுவிட்டு வந்தவர்தான். தன் பிள்ளை என்று வந்துவிட்டால் தராசு தானாகச் சாயும். பெற்றவர்களுக்குத் தெரியும்.

செவந்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் நினைப்பு போன ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. அன்றைக்குத்தான் மகன் விக்ரம் வாயைத் திறந்தான்.

ஸ்கேன் செய்கிற ஆட்களுக்கு மேற்பார்வையாளன் அவன்தான். அம்மா வேலை பார்க்கிற இடத்திலேயே அந்த வேலை கிடைத்தது எப்படி என்று ஊர் பேசியது. ஊர் பேசியதில் பாதி உண்மை. செவந்தி ஒரு வார்த்தை சொல்லித்தான் வைத்திருந்தாள்.

அந்த மெஷின் ஒரே இழுப்பில் தாளின் இரண்டு பக்கத்தையும் படம் பிடிக்கக்கூடியது. ஆனால் மறுபக்கம் காலியாக இருந்தால் அதுவும் ஒரு வெள்ளைப் பக்கமாக வந்து சேரும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து நீக்க வேண்டும். விக்ரம் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும்படி மாற்றி வைத்துவிட்டான்.

"ஏண்டா அப்படிச் செஞ்ச?" என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை.

"நீதானம்மா சொன்ன. எங்க ஆபீஸ்ல பின்னாடி எழுதுற பழக்கமே கெடையாதுன்னு."

சொன்னாள். முதல் நாள், மெஷினை இறக்கி வைத்தபோது சொன்னாள். அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு வழக்கம். தாளுக்கு முன்பக்கத்தில் மட்டும் எண் போடுவார்கள், முன்பக்கத்தில் மட்டும் எழுதுவார்கள். மறுபக்கத்தில் மை ஊறிவிடும் என்று எந்தக் காலத்திலோ ஓர் அதிகாரி சொல்லி வைத்தது. அதை மீறி எழுதிய ஒரே ஆள் அவள்தான். இடம் போதாமல் ஒரே ஒரு தடவை எழுதினாள். எழுதியதை மறந்தும் போனாள்.

மீதிக் கதை அதைவிட மோசம். ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் பார்க்கவே இல்லை. போன ஆவணியில் மாமியாருக்குக் கருமாதி. குளத்தங்கரையில் ஈரப் புடவையோடு நின்றவளிடம் விக்ரம் வந்து, "இன்னிக்கு முடிக்கலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். டோக்கனக் குடும்மா," என்றான். கைப்பையில் இருக்கிறது எடுத்துக்கொள் என்றாள். ரகசிய எண்ணையும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுப்பது போலத்தான் அன்றைக்குத் தோன்றியது. அப்பத்தாவின் கருமாதிச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பேரன் புதுக்கோட்டைக்கு ஓடினான். அலமாரி அலமாரியாக அத்தனைக்கும் அம்மாவின் கையெழுத்தைப் போட்டு முடித்தான்.

"அம்மா, கெளம்பலாமா?" விக்ரம் வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தான். சாப்பிடவில்லை. முகம் சவரம் செய்யாமல் கறுத்துக் கிடந்தது.

ஹரிணி சாப்பாட்டுப் பையை நீட்டினாள். செவந்தி வாங்கும்போது பையை விடாமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, எதுனாலும் யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள். எந்தப் பக்கம் யோசிக்கச் சொல்கிறாள் என்று செவந்திக்குப் புரியவில்லை. ஹரிணிக்கே புரிந்திருக்காது.

வண்டி சித்தன்னவாசலுக்குப் பிரியும் விலக்கைத் தாண்டியது. வெயில் அப்போதே ஏறிவிட்டிருந்தது. கருவேலங்காட்டுக்கு நடுவே தார் ரோடு பளபளவென்று கிடந்தது.

"அம்மா."

"ம்."

"நானே உள்ள வந்து சொல்லிரவா?"

"என்னன்னு?"

"நாந்தான் போட்டேன்னு."

செவந்திக்கு மகனின் முதுகுதான் தெரிந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. இவன் இதைக் கேட்கிறானே என்று ஒரு நிமிடம் மனசு நிறைந்தது. அடுத்த நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது.

"நீ வெளியவே நில்லு. உள்ள வந்துராத," என்றாள்.

அவன் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசுவான் என்று அவள் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தாள். வண்டி கொஞ்சம் வேகமாகப் போன மாதிரி இருந்தது. தப்பித்தோம் என்கிற வேகம். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அலுவலக வராந்தாவில், பதிவறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் ஆரோக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். விசாரணைக்கு அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஆவூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். செவந்தியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்தப் பெஞ்சில்தான் பிச்சை ராத்திரிக் காவலுக்கு உட்காருவார்.

"ஒக்காருங்க ஆரோக்கியம்மா. சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்க சூப்ரண்டம்மா. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் மனு குடுத்தது ஒங்க மேல இல்லைங்க. கலெக்டர் ஆபீசு வாசல்ல எழுதிக் குடுத்தவரு என்னென்னமோ எழுதிட்டாரு. தப்பா எடுத்துக்கிராதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா வந்தேன். எம் பொழப்புக்கு எழுத்துப் போட்டது அந்தம்மான்னு அவரு அடிக்கடி சொல்லுவாருங்க. நீங்க உள்ள போயி, நாந்தான் எழுதுனேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். அவுகளுக்கு வேற என்ன வேணும்?"

செவந்தி தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஆரோக்கியம்மாள் அதற்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பதிவறையில் இப்போது அலமாரிகள் மட்டும் நின்றன. எல்லாம் காலி. நடுவில் ஒரு மேஜை போட்டு, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் குணசேகரன். மேலிடத்து விசாரணை அதிகாரி. ஒரு காலத்தில் இதே அறையில் செவந்திக்குக் கீழே எழுத்தராக இருந்தவன். ஆள் இருக்கும்போது மேடம் என்பான், இல்லாதபோது அக்கா என்பான்.

கதவைச் சாத்தினான்.

"ஒக்காருங்கக்கா. டீ சொல்லவா?"

"வேணாம்ப்பா. கேக்க வேண்டியதக் கேளு."

திரையை அவள் பக்கம் திருப்பினான். பிச்சையின் பதிவேடு. முதல் தாளில் இளவயசுப் பிச்சையின் புகைப்படம், சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டு, விறைப்பாக. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு பச்சை டிக். அதன் கீழே அவள் பெயர், பதவி, தேதி, நேரம். அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி.

"இது ஒங்க கையெழுத்துதானக்கா?"

அவள் வாயைத் திறப்பதற்கு முன் அவனே கையை நீட்டித் தடுத்தான்.

"கொஞ்சம் இருங்க. பதில் சொல்றதுக்கு முந்தி இதப் பாத்துக்கிருங்க." தேதியின் மேல் விரலை வைத்தான். "இந்த நாள் ஞாபகமிருக்கா? முற்பகல் நேரம். அன்னைக்கு நீங்க குளத்தங்கரையில நின்னீங்க. ஒங்க மாமியார் கருமாதி. எனக்கு எப்புடித் தெரியும்னா, நானும் அங்கதான் நின்னேன். ஒங்க வீட்டுப் பந்தியிலதான் சாப்ட்டேன். பேரனக் காணோமேன்னு மாமாகிட்ட விசாரிச்சேன். ஆபீஸ் வேலையாப் போயிருக்கான்னு சொன்னாரு."

செவந்தி திரையில் இருந்த தேதியை மறுபடி படித்தாள். அந்தப் பந்தியில் குணசேகரனுக்கு இரண்டாம் தரம் பாயசம் ஊற்றியது அவள்தான்.

"அக்கா, நான் ஒங்களப் பிடிச்சுக் குடுக்க வரல. ஒங்ககிட்டதான் நான் வேல படிச்சேன்." குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நான் போடலைன்னு நீங்க சொல்றது. அப்ப போட்டது யாருன்னு வரும். விக்ரம் மேல போலீஸ் கேசு. டோக்கனக் குடுத்ததுக்கு ஒங்களுக்கு சஸ்பென்ஷன். ஓய்வு பெற விட மாட்டாங்க, பென்ஷன நிறுத்தி வைப்பாங்க."

"இன்னொண்ணு?"

"நீங்கதான் பாத்தீங்க, நீங்கதான் போட்டீங்க. நேரம் தப்பா விழுந்திருக்கு. அந்த லேப்டாப்புல தேதி சரியா இல்லாம இருந்துச்சுன்னு நான் ஒரு வரி எழுதிக்கிறேன். டோக்கன் கம்ப்யூட்டர் கடிகாரத்தத்தான் எடுத்துக்கிரும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வெவகாரம் இன்னைக்கே முடிஞ்சிரும்."

"ஏழாம் தாளு?"

குணசேகரன் திரையைப் பார்த்தான்.

"நீங்க அசலோட ஒப்பிட்டுப் பாத்திருக்கீங்க. அசல்ல மறுபக்கம் எழுத்து இருந்திருந்தா ஸ்கேன்ல வந்திருக்கும். வரலைன்னா இல்லைன்னுதான அர்த்தம்?"

"நான் எழுதுனேன் குணா."

"அந்தம்மாவும் அப்படித்தான் சொல்லுது. ஆனா சாட்சி என்ன இருக்கு? அந்தக் காலத்துச் சம்பளப் பட்டியல் கரையானுக்குப் போயிருச்சு. ஆணையோட நகல் மேல் ஆபீஸ்லயும் இல்ல. மிச்சமிருக்கிறது ஒங்க வாய் ஒண்ணுதான்." திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "ரெண்டையும் சேத்துச் சொல்ல முடியாதுக்கா. ஒப்பிட்டுப் பாத்து நாந்தான் கையெழுத்துப் போட்டேன்னும் சொல்லி, அங்க எழுத்து இருந்துச்சுன்னும் சொல்லுவீங்களா? எழுதுன ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க. இத்தன வருஷத்துல ஞாபகமில்லைன்னா யாரு கேக்கப் போறா?"

அவன் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. அந்த மாதிரி எழுதக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். ஒரு கோப்பில் ஒரே ஒரு உண்மைதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. வேப்பமர நிழலில் விக்ரம் வண்டியின் மேல் சாய்ந்து நின்றான். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஐந்தாம் வகுப்பில் வேப்பெண்ணெய் தடவியும் விடாத பழக்கம்.

மகனைப் பார்த்தாள். ஏழாம் மாத வயிற்றோடு நின்ற ஹரிணியை நினைத்தாள். கதவுக்கு வெளியே பெஞ்சில் இருப்பவளை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

"எழுதிக்க. என் கையெழுத்துதான்," என்றாள்.

"மறுபக்கம்?"

"ஞாபகமில்ல."

அவன் வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன் வைத்தான். வாக்குமூலம் அவள் கைப்பட இருந்தால்தான் நல்லது என்றான். அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். அசல் பதிவேட்டை நேரில் ஒப்பிட்டேன். தாள்களின் மறுபக்கத்தில் பதிவு எதுவும் இல்லை. நானே கையெழுத்திட்டேன். கடைசியில் பேனாவால் போட்ட கையெழுத்து வழக்கம் போல அழகாகவே விழுந்தது. கோணியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தம்மாவ விசாரிச்சதாவும் ரெண்டு வரி எழுதிரணும். ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு உள்ள வரச் சொல்லுங்க," என்றான் குணசேகரன், தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டே. "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. ரெண்டு நாள் லீவு போடுங்க."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பெஞ்சைப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். முடியவில்லை. ஆரோக்கியம்மாள் இரண்டு கையிலும் செல்போனைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் அழுகை இல்லை.

"சூப்ரண்டம்மா, இப்பத்தான் பெலிக்ஸ் அனுப்பிருக்கான். என் மகன்."

"என்னது?"

"இங்க விசாரண நடக்குதுன்னு நேத்து போன்ல சொன்னேங்க. பழைய போனத் தேடி எடுத்துப் பாத்திருக்கான். அவுக அப்பா முன்னாடி அனுப்புன படம் ஒண்ணு அதுக்குள்ள கெடந்துச்சாம். மூட்டையெல்லாம் ஸ்கேனுக்குத் தூக்கிட்டுப் போனது அவருதானங்க? அதுல தன்னோட புத்தகம் வந்திருக்கு. ஒரு படம் புடிச்சு மகனுக்கு அனுப்பி, ஒங்கப்பன் பெர்மனென்ட் ஆன கத இதுதாண்டான்னு சொல்லிருக்காரு. பெருமைக்கு அனுப்புனதுங்க. எங்கிட்டகூடச் சொல்லல."

செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

படம் கொஞ்சம் சாய்வாக இருந்தது. பழுப்பேறிய தாள். மேல் மூலையில் முன்பக்கத்து ஏழு இடவலம் மாறி மங்கித் தெரிந்தது. நீல மையில் ஐந்து வரி. ஆணை எண், தேதி, தற்காலிகப் பணிக்காலம் சேர்த்துக்கொள்ளப்பட்டது என்ற வாசகம், கீழே அன்றைய அதிகாரியின் கையெழுத்து. ஐந்து வரியும் ழகரத்தின் வாலைக் கீழே இழுத்து வளைக்கிற செவந்தியின் எழுத்து. அந்த வாலுக்காகப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் குட்டு வாங்கியிருக்கிறாள். சற்று முன் உள்ளே எழுதிய வாக்குமூலத்திலும் அதே வாலைத்தான் இழுத்துவிட்டு வந்தாள்.

தாள் மடங்காமல் இருக்க ஓரத்தில் ஒரு கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. நகம் பிளந்த, காய்த்துப்போன கட்டைவிரல். தினமும் காலையில் சாவிக்கொத்தை அவளிடம் நீட்டிய கை.

செவந்திக்கு முதலில் வந்தது சந்தோஷம். இவளுக்குக் கிடைத்துவிடும் என்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது முழுக்க இறங்குவதற்குள் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. இந்தப் படம் அந்த அறைக்குள் போனால், தாள்களின் மறுபக்கத்தில் எதுவும் இல்லை என்று அவள் எழுதிய வாக்குமூலம் பொய். ஒரு பொய் வெளுத்தால் அதைத் தொட்டு மற்றதும் வெளுக்கும். கருமாதி, டோக்கன், விக்ரம். பேசாமல் உண்மையைச் சொல்லியிருந்தால் டோக்கனைக் கொடுத்த தப்போடு நின்றிருக்கும். இப்போது பொய் சாட்சியும் சேர்ந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியுங்க. ஆனா ஆபீசுத் தமிழு வெளங்காது," என்றாள் ஆரோக்கியம்மாள். "இது அந்த எழுத்துதானங்க? நீங்க எழுதுனதுதான?"

தெரியவில்லை என்று சொல்லலாம். படம் தெளிவாக இல்லை, கண்ணாடி கொண்டு வரவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லலாம். செல்போனைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கிக்கொள்ளக்கூடச் செய்யலாம். கொடுத்துவிடுவாள். அவளுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. அந்த நம்பிக்கையைப் பார்த்தபோது செவந்திக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

வாசலிலிருந்து விக்ரமின் குரல் கேட்டது. "அம்மா, முடிஞ்சிருச்சா? போலாமா?"

அவன் முகம் தெளிந்திருந்தது. அம்மா வெளியே வந்த விதத்திலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டிருக்கிறான். வண்டிச் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டு படி ஏறி வந்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்திருந்தது. அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் போல அவளுக்கு இருந்தது.

"சூப்ரண்டம்மா?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

செவந்தி செல்போனைப் பிடித்திருந்த அவள் கையை, தன் இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஆமா ஆரோக்கியம்மா. என் எழுத்துதான். நாந்தான் எழுதுனேன்."

ஆரோக்கியம்மாள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். ஏசுவே என்று மெல்லச் சொன்னாள். பிறகு யாரையும் கேட்காமல் குணசேகரன் இருந்த அறையை நோக்கி நடந்தாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நாலு எட்டுதான். ஒரு வார்த்தை கூப்பிட்டால் நின்றுவிடுவாள்.

செவந்தி கூப்பிடவில்லை.

"என்னம்மா, அந்தம்மா எதுக்கு உள்ள போகுது?" விக்ரமின் கையில் சாவி நின்றுவிட்டது.

சாப்பாட்டுப் பையை அவன் கையில் கொடுத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.

"நீ வீட்டுக்குப் போயி ஹரிணி பக்கத்துல இரு. அப்பாகிட்ட, நான் சொன்ன ஆமாவத் திரும்ப வாங்கப் போயிருக்கேன்னு சொல்லு."

சொல்லிவிட்டு, மகன் முகம் மாறுவதைப் பார்க்காமல் திரும்பி, திறந்து கிடந்த கதவுக்குள் போனாள்.